எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்று கேட்ட திருமங்கலம் நண்பருக்கு

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பட்டியல்தான். யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன், ரஷ் போன்ற புராக்ரஸிவ் ராக் (நெடிய உருப்படிகளும் மாறும் தாளங்களும் கொண்ட ராக் இசை) குழுக்களை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும், வெளியான வரிசைப்படியே கேட்க வேண்டுமா என்கிறார். ஆனால் நடுவில் அவர் எழுதியிருக்கும் இரண்டு வரிகளில்தான் அவருடைய உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தைப் போட்டு, முதல் பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டாராம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டை ஆண்டுக்கணக்கில் கேட்டுவரும் தன் காதுக்கு இது மட்டும் ஏன் எட்டவில்லை என்று வருந்துகிறார். அவர் காதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு குழுவின் மிகச் சிறந்த ஆல்பம் எது என்பது ஒரு கேள்வி. அந்தக் குழுவுக்குள் ஒருவரைக் கைபிடித்து அழைத்துப் போகும் ஆல்பம் எது என்பது வேறொரு கேள்வி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் முதல் கேள்விக்கு விடை சொல்கின்றன. அவருக்கு வேண்டியிருப்பது இரண்டாவதற்கான விடை.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985 முதல் பதினான்கு ஆண்டுகள் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். இசைத்தட்டிலிருந்து பதிந்து இரண்டு நாளில் கொடுப்போம். முக்கால்வாசி சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும்தான். ஆனால் அமெரிக்கன் கல்லூரியிலிருந்தும் திருப்பரங்குன்றத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்தும் ஆங்கில இசைக்காகவே வரும் மாணவர்கள் இருந்தார்கள். யார் எதைப் பதிந்துகொண்டார், மறுமுறை எதற்காக வந்தார் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். சிறு வயதில் எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றதால், கேட்பதைத் தாளக் கணக்கோடு கேட்கும் பழக்கமும் உண்டு. கீழே சொல்லும் ஆண்டு, நீளம், பாட்டின் அமைப்பு ஆகியவை உறுதியான செய்திகள், எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஆல்பம் ஆளை உள்ளே இழுக்கிறது என்பது ஒரே ஒரு கடையின் கவுன்டரில் நின்று பார்த்தது மட்டுமே. எங்களிடம் இல்லாத ஆல்பத்தால் எவரும் ஈர்க்கப்பட்டிருக்க வழியில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

யெஸ் குழுவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். ஒரு பொறியியல் மாணவர் யாரோ சொல்லக் கேட்டு 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தைப் பதிந்துகொண்டு போனார். மறுநாள் மாலையே திரும்பி வந்து, "அண்ணே, கேசட்டு அவுட்டுண்ணே, ஒரே இரைச்சலாக் கெடக்கு" என்றார். டெக்கில் போட்டுப் பார்த்தேன். கேசட்டில் ஒரு கோளாறும் இல்லை. 1972இல் வந்த அந்த ஆல்பம் தண்ணீர் ஓடும் சத்தத்தோடும் பறவைகளின் ஒலியோடும் மெல்ல எழுந்து வரும். ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துக் கித்தாரும் டிரம்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது போல வெடிக்கும். பாடல் என்று ஒன்று காதில் பிடிபட அதன் பிறகும் காத்திருக்க வேண்டும். பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்த ஒரே பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். முழு ஆல்பத்திலும் மூன்றே பாட்டுகள்தான்.

அவருடைய கேசட் 90 நிமிடக் கேசட். மறுபக்கத்தில் அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு, 1971இல், வெளியிட்ட 'ஃப்ரஜைல்' ஆல்பத்தைப் பதிந்து கொடுத்து, முதலில் இதைக் கேளுங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது இரண்டு பக்கங்களும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. யெஸ் குழுவின் ஆல்பம் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். காரணம் அந்த ஆல்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 'ஃப்ரஜைல்' ஒன்பது உருப்படிகள் கொண்டது. அவற்றில் நான்கு, குழுவாகச் சேர்ந்து செய்தவை. மீதி ஐந்தும், ஐந்து கலைஞர்களும் ஆளுக்கொன்றாகத் தங்கள் போக்கில் அமைத்த சிறு துண்டுகள். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் பிராம்ஸின் சிம்பொனிப் பகுதி ஒன்றை வாசிக்கிறார், ஸ்டீவ் ஹவ் தனிக் கித்தார் வாசிக்கிறார், பில் புரூஃபோர்டின் துண்டு முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. யாருடைய விரல் எப்படிப் பேசும் என்பது நமக்குத் தனித்தனியாகத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அதே ஆல்பத்தின் கடைசியில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்' வரும்போது, அது முன்பின் தெரியாதவர்களின் கூச்சலாகக் கேட்பதில்லை. பழகியவர்கள் சேர்ந்து பேசுவதாகக் கேட்கிறது.

இந்த ஒரு குழுவை வைத்து எனக்கு உண்டான எண்ணம், மற்றக் குழுக்களை வைத்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஆளை உள்ளே அழைக்கும் ஆல்பம் அந்தக் குழுவின் உச்சமாக இருப்பதில்லை. மிக எளியதாகவும் இருப்பதில்லை. சின்னப் பாட்டும் நெடிய உருப்படியும் பக்கம் பக்கமாக இருந்து, சின்னது காதைப் பிடித்து நிறுத்திவைக்க, அந்த இடைவெளியில் நெடியது காதைப் பழக்கிவிடும் ஆல்பம்தான் அது. எளியதே போதும் என்றால் யெஸ் குழுவுக்கு 1983இல் வந்த '90125' ஆல்பத்தைச் சொல்லிவிடலாம். அதிலுள்ள 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. எங்கள் கடையிலும் நிறையப் பேர் பதிந்துகொண்டார்கள். ஆனால் அதைப் பதிந்துகொண்டவர்கள் அடுத்துக் கேட்டு வந்தது வேறு பாப் பாட்டுகளைத்தான். அந்த வாசல் வழியாக நுழைந்து எழுபதுகளின் யெஸ் வரைக்கும் நடந்து வந்தவர் என்று ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் வீடு வேறு.

பிங்க் ஃபிளாய்ட் மட்டும் கொஞ்சம் பிடித்தது என்று நண்பர் எழுதியிருக்கிறார். அதில் வியப்பில்லை. 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அளவுக்கு எங்கள் கடையில் வேறெந்த ராக் ஆல்பத்தையும் பதிந்திருக்க மாட்டேன். 43 நிமிடம், 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் வெட்டாமல் ஒட்டாமல் அடங்கும். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரையும் அது கட்டிப்போட ஒரு காரணம் உண்டு. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' உருப்படியில் கிளேர் டோரி என்ற பாடகி ஒரு வார்த்தைகூட இல்லாமல், குரலையே வாத்தியமாக்கிப் பாடுகிறார். ஆலாபனைக்குப் பழகிய நம் காதுக்கு அதில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 'மணி' பாட்டின் அடிப்படைச் சுழற்சி ஏழு எண்ணிக்கை. நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு தெரிந்தவர் கைபோட்டுப் பார்க்கலாம். கித்தார் தனியாக எழும் இடத்தில் அது நான்குக்கு மாறுவதும் கையிலேயே தெரியும். எண்ணிக்கை ஏழு என்பது உறுதி. அதனால் இரண்டும் ஒரே நடை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சாபுவுக்குள் இருக்கும் மூன்றும் நான்குமான சாய்வை அங்கே தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

ஆயினும் பிங்க் ஃபிளாய்டின் நெடிய இசைக்குள் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, நான் பார்த்த வரையில், 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'தான். அதைத் திறக்கும் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தன் முதல் எட்டு நிமிடங்களுக்கு மேல் பாடகரின் குரலையே கொண்டுவருவதில்லை. மெல்லிய கீபோர்டு ஒலி பரவி நிற்க, டேவிட் கில்மரின் கித்தார் நான்கே நான்கு சுரங்களை வைத்துவிட்டு விலகி நிற்கும், மறுபடியும் வைக்கும். அவசரமில்லாமல் ஒரு ராகத்தை விரிப்பதை உட்கார்ந்து கேட்டிருப்பவருக்கு இந்தக் காத்திருப்பு பாரமாக இருக்காது. அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டோ கித்தார் கற்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்தில் வாசித்துப் பார்க்கும் அளவுக்கு எளிமையானது. நெடியதும் சின்னதும் இங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே கதையாகச் செல்லும் 1979இன் 'தி வால்' ஆல்பத்துக்கு, 'அனதர் பிரிக் இன் தி வால்' என்ற பள்ளிக்கூடப் பாட்டின் வழியாக வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அந்தக் கதையோடு நின்றுவிட்டார்கள்.

ஜெனசிஸ் குழுவுக்கு 1973இன் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' என்று தயங்காமல் சொல்வேன். அது 53 நிமிடம் ஓடும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. ஆனால் இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் அரைமணிக்குள் முடிவதால் 60 நிமிடக் கேசட்டில் கச்சிதமாக உட்காரும், ஆகவே அதற்கென்றே ஒரு கேசட் வாங்கச் சொல்வேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் பீட்டர் கேப்ரியல் எந்த வாத்தியத் துணையும் இல்லாமல் தனியாகப் பாடுகிறார். நம் கச்சேரியில் பாட்டுக்கு முன்னால் விருத்தம் பாடுவது போல, முதலில் குரலும் சொல்லும் நிலைபெற்று, பிறகே வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. இரண்டாவது பாட்டு நான்கு நிமிடத்தில் முடியும் சாதாரண மெட்டு. குழுவுக்கு இங்கிலாந்தில் ஓரளவு பெயர் வாங்கித் தந்த முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக வெளியிடும் இசைத்தட்டு) அதுதான். மூன்றாவது 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'. டோனி பேங்க்ஸின் பியானோ முகப்பில் தாளம் அடிக்கடி மாறும். அதைத் தொடர முடியவில்லையே என்று கவலைப்படாமல் பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழல் மெட்டை மட்டும் நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டீவ் ஹாக்கெட்டின் கித்தார் அதே மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நிறுத்தி வாசிக்கும். ஏற்கெனவே கேட்ட மெட்டு வேறு வாத்தியத்தில் வளர்ந்து திரும்பிவருவதை அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கணத்தில்தான் பெரும்பாலானோர் இந்தக் குழுவிடம் சிக்குகிறார்கள். 1975இல் கேப்ரியல் விலகி, டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸ் முதன்மைப் பாடகராகிச் செய்த 'எ டிரிக் ஆஃப் தி டெய்ல்' (1976) இன்னொரு நல்ல வாசல். 1986இன் 'இன்விசிபிள் டச்' பற்றி, '90125'க்குச் சொன்னதையே சொல்ல வேண்டியிருக்கும்.

இனி நண்பரைத் தடுத்து நிறுத்திய கிங் கிரிம்சன். 1969 அக்டோபரில் வந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' ஐந்தே பாட்டுகள் கொண்டது. முதல் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல். கிரெக் லேக்கின் குரலைக் கரகரப்பாகத் திரித்து, சாக்ஸபோனையும் கித்தாரையும் ஒன்றாக மோதவிட்டிருக்கிறார்கள். கேட்பவரை அதிரவைப்பதே அதன் நோக்கம், ஆகவே நண்பர் அதிர்ந்துபோய் நிறுத்தியது அந்தப் பாட்டு தன் வேலையைச் செய்ததற்கு அடையாளம். ஆனால் அடுத்த பாட்டில் அதே லேக் தாலாட்டு போன்ற குரலில் பாடுகிறார். புல்லாங்குழல் கூடவே வருகிறது. முதல் பாட்டோடு நிறுத்தியவருக்கு அந்த ஆல்பத்தின் முகத்தில் பாதிதான் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது பாட்டுகளைக் கேட்டுவிட்டு, நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போகும்படி பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மெலோட்ரான் என்ற கருவி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா வைத்து, முன்பே பதிந்த வயலின், புல்லாங்குழல் போன்ற ஒலிகளை எழுப்புவது. மூன்றாவதிலும் கடைசியிலும் அது கோயில் மண்டபத்தில் நாகசுர ஒலி நிறைவது போல நிறைந்து நிற்கும். நான்காவது பாட்டின் பன்னிரண்டு நிமிடங்களில் பெரும்பகுதி, மெட்டு என்று எதுவும் இல்லாமல் அடங்கிய குரலில் போகும் மனோதர்ம வாசிப்பு. அதை ஓராண்டு கழித்துக்கூடக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் குழுவுக்கு மட்டும் ஒரே வாசல் போதாது. ராபர்ட் ஃபிரிப்பைத் தவிர எல்லோரும் மாறிக்கொண்டே இருந்தார்கள், இசையும் அவர்களோடு மாறியது. கனமான ராக் பிடித்தவருக்கு 1974இன் 'ரெட்' ஆல்பமும், பின்னிப் பின்னிச் செல்லும் இரட்டைக் கித்தார் பிடித்தவருக்கு 1981இன் 'டிசிப்ளின்' ஆல்பமும் நேர்வழிகள். முதல் ஆல்பத்தை நேசித்த ஒருவர் 'டிசிப்ளின்' கேட்டுவிட்டு, தவறான இசைத்தட்டிலிருந்து பதிந்துவிட்டீர்கள் என்று என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்.

ரஷ் குழுவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு மாலை நினைவுக்கு வருகிறது. நண்பர் ஒருவருக்குத் துணையாகக் கடைக்கு வந்த ஒரு தமிழ் எம்.ஏ. மாணவர், இந்த ஆங்கிலச் சத்தத்தில் என்ன இருக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டார். 1981இன் 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் 'ஒய் ஒய் இசட்' என்று குரலே இல்லாத ஓர் உருப்படி உண்டு. ஒய் ஒய் இசட் என்பது அந்தக் குழுவின் ஊரான கனடாவின் டொராண்டோ விமான நிலையத்துக்கு உரிய குறியெழுத்து. அந்த எழுத்துகளைத் தந்திக்குரிய மோர்ஸ் குறியீட்டில் தட்டினால் வரும் சந்தமே பாட்டின் தொடக்கம். மோர்ஸில் ஒய் என்பது நீளம், குட்டை, நீளம், நீளம். இசட் என்பது நீளம், நீளம், குட்டை, குட்டை. நீளத்தை நெடிலாகவும் குட்டையைக் குறிலாகவும் வைத்து, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்று எண்ணிப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். கவுன்டர் கண்ணாடியில் விரலால் தட்டி எண்ணினார். ஒய்க்கு ஏழு, மறுபடி ஒய்க்கு ஏழு, இசட்டுக்கு ஆறு, ஆக இருபது. நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து. அப்படியே பாட்டைப் போட்டேன். நீல் பியர்ட் சுருதி சேர்த்த சிறு வெண்கலத் தட்டுகளில் அந்த இருபது மாத்திரையைத் தட்ட, பிறகு கித்தாரும் பேஸும் அதையே எடுத்துக்கொண்டு புறப்பட, அவருடைய விரல் ஓரிடத்திலும் தவறாமல் கூடவே ஓடியது. அன்றைக்கே ஒரு வெற்றுக் கேசட் வாங்கி அந்த ஆல்பத்தைப் பதியக் கொடுத்துவிட்டுப் போனார். பிற்பாடு வந்து, ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் இருபது நிமிடக் கதைப்பாட்டு கொண்ட '2112' (1976) ஆல்பத்தையும் பதிந்துகொண்டார். 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் 'டாம் சாயர்' போன்ற நான்கரை நிமிடப் பாட்டும் உண்டு, பதினோரு நிமிட 'தி கேமரா ஐ' பாட்டும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெத்ரோ டல் என்றால் 1971இன் 'அக்வாலங்'. முழு ஆல்பமும் ஒரே பாட்டான 'திக் அஸ் எ பிரிக்' (1972) அதற்குப் பிறகு. டிரீம் தியேட்டர் என்றால் 1992இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. போர்குபைன் ட்ரீ என்றால் 2002இன் 'இன் அப்சென்ஷியா'. இந்தக் கடைசிக் குழு நான் கடையை விட்டு வந்த பிறகு, அடுத்த தலைமுறை வழியாக எனக்கு அறிமுகமானது. ஓபெத் குழுவையும் அப்படித்தான் அறிந்தேன். அவர்கள் 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தபோது, என் அக்கா மகன் மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். உறுமல் குரல் ஒத்துவராதவர்கள் அது அறவே இல்லாத 'டாம்னேஷன்' (2003) ஆல்பத்தில் தொடங்கலாம் என்பது அவன் சொன்ன யோசனை. கேட்டுப் பார்த்து நானும் ஒப்புக்கொண்டேன்.

வெளியான வரிசைப்படி கேட்பது தொடக்கத்தில் வேண்டாம். ஜெனசிஸ், யெஸ் இரண்டு குழுக்களுமே 1969இல் முதல் ஆல்பம் வெளியிட்டவை. இரண்டிலும் பின்னால் வந்த முகம் இன்னும் தெளிவாக உருவாகியிருக்கவில்லை. முதல் அடியிலேயே முழு உருவத்தோடு வந்த கிங் கிரிம்சன் ஒரு விதிவிலக்கு. குழு பிடித்துப்போன பிறகு முதலிலிருந்து கேட்டால் அதன் வளர்ச்சி புரியும்.

என்னால் தீர்த்துச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஆளை இழுத்தது ஆல்பமா, அதைக் கேட்ட சூழலா? எங்கள் காலத்தில் கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமானால் பட்டனை அழுத்திப் பிடித்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாற வேண்டும். அதற்கு அந்தப் பாட்டையே கேட்டுவிடலாம் என்று விட்டுவிடுவார்கள். காசு கொடுத்துப் பதிந்ததால் நாலு தடவையாவது கேட்பார்கள். மூன்றாம் முறையில் திறந்துகொண்ட பாட்டுகள் அப்படி எத்தனையோ. இன்று விரல் நுனியில் தாண்டிப் போகும் வசதி இருப்பதால், அதே ஆல்பம் அதே வேலையைச் செய்யுமா என்று எனக்கு ஐயம் இருக்கிறது. ஆகவே எந்த ஆல்பமானாலும் ஷஃபிள் பட்டனை அணைத்துவிட்டு, ஒரு வாரத்தில் மூன்று முறையாவது முழுவதும் கேளுங்கள். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' போன்றவற்றில் ஒரு பாட்டு அடுத்ததற்குள் அப்படியே ஓடிக் கலக்கிறது. வரிசை கலைந்தால் அந்த ஓட்டமும் அறுந்துபோகும்.

திருமங்கலம் நண்பருக்கென்று தனியாகச் சொல்வதானால், 'ஹவ் டு நேம் இட்'டில் வயலின்களும் ராகமும் மேற்கத்திய இசைமேதை பாக்கின் முறையும் ஒன்றுக்குள் ஒன்று போய்வருவதைப் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது உங்களுடையது. நெடிய வாத்திய இசை உங்களுக்குத் தடையாக இருக்க வாய்ப்பில்லை. தடையாக இருந்தது அந்த முரட்டு ஒலி மட்டுமே. 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை இரவு எல்லாம் அடங்கிய பிறகு போடுங்கள். அடுத்த வாரம் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்', அதற்கடுத்து 'ஃப்ரஜைல்'. பிறகு கிங் கிரிம்சனுக்குத் திரும்பி இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் நிறுத்திய அந்த முதல் பாட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டு, இரண்டாவது பாட்டில் கேட்ட அதே குரல்தான் இங்கேயும் பாடுகிறது என்பதை நினைவில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.